குலை இறக்கும் கயிறு

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய்விடும். மயிலாத்தாளுக்கு முதலில் வந்த பயம் அதுதான். விழுந்துவிடுவோம் என்கிற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. தென்னையின் கொண்டைக்குக் கீழே, மரம் ஏறும் மிஷினின் இரண்டு மிதிகளிலும் கால் வைத்து, இடது கையால் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள். வலது கையில் இருந்த கொடுவாளைக் காணவில்லை. இளநீர்க் குலையின் கழுத்தில் கயிற்றைக் கட்டியது ஞாபகம் இருந்தது. காம்பில் ஒரு வெட்டுப் போட்டதும், வெட்டுவாய் வெள்ளையாகத் தெரிந்ததும் ஞாபகம் இருந்தது. அடுத்தது, கன்னம் மரத்தில் ஒட்டிக் கிடந்ததுதான். நடுவில் என்ன நடந்தது என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. பெட்டியில் மடித்து வைத்த சேலையை எலி கடித்துப்போன இடம் மாதிரி அங்கே ஓர் ஓட்டை இருந்தது. கண் சிமிட்டும் நேரமா, அதற்கும் மேலா? அவ்வளவு நேரம் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? "ஏக்கா, என்ற தலைக்கா குறி வெச்ச?" என்று கீழேயிருந்து நாகமணி கேட்டாள். "ஒரு சாண் தள்ளி விழுந்திருக்குது. கோவமிருந்தா வாயில சொல்லு, கொடுவாள்ல சொல்லாத." கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவள் நாகமணி. இளநீர்க் குலையைத் தேங்காய் மாதிரி வெட்டித் தள்ள முடியாது, விழுந்தால் உடைந்துவிடும். குலையில் கயிற்றைக் கட்டி, கயிற்றை மேலே ஒரு மட்டையின் மேல் போட்டு, மறுமுனையைக் கீழே இருப்பவள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். மயிலாத்தாள் ஏறுவாள், நாகமணி இறக்குவாள். ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் இருவரையும் சேர்த்தேதான் கூப்பிடுவார்கள். "கை வேர்த்து வழுக்கிருச்சு நாகு," என்றாள் மயிலாத்தாள். குரல் சரியாகத்தான் வந்தது. சரியாக வந்ததே என்று ஒரு நிம்மதி எழுந்தது, எழுந்த கையோடு அதன் மேல் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது என்றால், விழும்போதும் இப்படித்தான், ஒன்றும் நடக்காத மாதிரி விழுந்துவிடுவோமோ. "கொலையில கட்டுன கயித்த அவுத்துக் கீழ விடு. கொடுவாளக் கட்டி அனுப்பறேன்," என்றாள் நாகமணி. "சித்த இரு," என்றாள் மயிலாத்தாள்.

சித்த இரு என்றால் எவ்வளவு நேரம்? கை வழுக்கியது என்று சொல்லியாகிவிட்டது. இனி வேறெதையாவது சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகும், முதலில் சொன்னது பொய் என்றால் எப்போதிலிருந்து பொய் என்று நாகமணி கேட்பாள். கால் மரத்துப்போயிற்று என்று சொல்லலாம். கால் மரத்துப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான், பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவனுக்குக்கூட நடக்கும். வெயில் என்று சொல்லலாம். ஆனால் காலை வெயில் இன்னும் மரத்தடிக்கே வரவில்லை. மூட்டு மடங்கவில்லை என்று சொல்லலாம். மூட்டு என்றால் எண்ணெய் தேய்த்துவிட்டு அடுத்த வாரம் வரலாம். கண் இருட்டியது என்று மட்டும் சொல்லக்கூடாது. செல்வராணி அப்படித்தான் சொன்னாள். மரம் ஏறும் பயிற்சியில் செல்வராணியும் இவளும் ஒன்றாக நின்றவர்கள். செல்வராணிக்குக் கட்டை குட்டையான உடம்பு, ஏறினால் ஆம்பிளைகள் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருநாள் இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "கண்ணு இருட்டிருச்சுங்" என்று தோட்டத்துக்காரரிடம் வெள்ளந்தியாகச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர்தான். மோர் கொண்டுவரச் சொன்னார், நிழலில் உட்கார வைத்தார், வண்டியில் வீடுவரை கொண்டுபோய் விடச் சொன்னார். அடுத்த வெட்டுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார். "என்ற தோப்புல ஒரு பொம்பளையோட உசுரு போச்சுன்னு ஆகக்கூடாது பாரு அம்மிணி" என்றாராம். சண்டை போடவும் வழியில்லாத பேச்சு. கண் இருட்டியது என்ற அந்த இரண்டு வார்த்தையும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரு தோப்பிலிருந்து அடுத்த தோப்புக்குத் தானாகவே பாய்ந்து போயின. இப்போது செல்வராணி தேங்காய் நார் மில்லில் தூசிக்குள் நிற்கிறாள். சந்தையில் பார்த்தால் மயிலாத்தாளின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் இருக்கும் காய்ப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். "உனக்கு இன்னும் இருக்குது" என்பாள். அவள் கையில் இருந்த காய்ப்பு தோல் தோலாக உரிந்து, எல்லாப் பெண்களின் கையைப் போலவும் ஆகிவிட்டது. அந்தக் கை தன் கைமேல் பட்டால் மயிலாத்தாளுக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஒரு மாதிரியாக இருக்கும்.

ஓர் எறும்பு அவள் கழுத்தில் ஏறி, காதுக்குப் பின்னால் போய் நின்றது. கடிக்கட்டும். கையை எடுக்க முடியாது. மரத்தின் பட்டை நேற்றுப் பெய்த தூறலில் நனைந்து, பழைய பாய் மாதிரி மணத்தது. இந்த மணத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தரையின் மணம்தான். ஏழாம் வகுப்பில் பையைச் சுருட்டிவிட்டு வந்தவள், ஆம்பிளைகள் வெட்டிப் போட்ட காயைக் குனிந்து குனிந்து பொறுக்கிக் குவித்தே கல்யாணமாகி, கோகிலாவைப் பெற்று, கோகிலாவும் பெரியவளாகும் வரை தென்னையின் அடியை மட்டும்தான் தெரிந்து வைத்திருந்தாள். மேலே என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. முதல் தடவை மிஷினில் ஏறி, கொண்டைக்குள் தலையை நுழைத்தபோது, வெடிக்காத பாளையின் வாசனையும், மட்டையடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடைக்குள் ஏதோ பூச்சி உறுமும் சத்தமும், தூரத்து மலை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்ற ஆச்சரியமுமாக, அழுதுவிட்டாள். அதைக்கூட அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருந்ததா என்று பயிற்சி கொடுத்த சார் கேட்டதற்கு, தூசி விழுந்துவிட்டது என்றாள். அப்போதும் பொய்தான். கோகிலா திருப்பூரிலிருந்து போனில் பேசும்போதெல்லாம், "போதும்மா, ஏறுனது போதும், எங்கூட வந்து இரு" என்கிறாள். வந்து இருந்து? கோகிலா வீட்டு மாடிப்படியில் ஏறினால் மூன்றாவது படியிலேயே கூரை தலையில் இடிக்கிற மாதிரி இருக்கிறது. இங்கே அவளுக்கு மேலே ஒன்றும் இல்லை. இறங்கிவிட்டால் மறுபடி பொறுக்குகிறவள். இல்லாவிட்டால் நார் மில். இல்லாவிட்டால் கோகிலா வீட்டில் பாத்திரம். அதனால்தானே இவ்வளவு பாடு.

பாடென்றால் சின்னப் பாடில்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது: வாய் கொப்பளிக்கிற வரைக்கும் ஆடாமல் நின்றால் அன்றைக்கு மரம் ஏறலாம். முன்பெல்லாம் நின்றுகொண்டே எதிர்வீட்டுக்காரியிடம் பேசுவாள். இந்த ஆடிக்குப் பிறகு, வாயில் நுரை சேருவதற்குள் கால் தரையைத் தேடுகிறது. சுவரில் ஒரு விரலை வைத்துக்கொள்வாள். ஒரு விரல்தானே என்று நினைப்பாள். பிறகு உள்ளங்கை. மாட்டுக்கொட்டகை விட்டத்தைப் பிடித்துத் தொங்கினாள்; மாடு அவளைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. தண்ணீர்க் குடத்தை மார்போடு அணைத்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். காய்ந்த பாளையை மிதித்தது மாதிரி மூட்டில் சத்தம் கேட்டது. விளக்கெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்தாள். எல்லாவற்றையும் வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்குள் செய்தாள், என்னமோ திருடுகிறவள் மாதிரி. உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. தீட்டு வந்தால் நிற்காமல் வந்தது, நின்றால் மாதக்கணக்கில் காணாமல் போனது. நடுவில் திடீர் திடீரென்று அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி நெஞ்சிலிருந்து காதுமடல் வரை வெக்கை. இடுப்பு பருத்தது. பழைய பேன்ட், வீட்டுக்காரருடையது, மரம் ஏறுவதற்கென்றே வெட்டித் தைத்துக்கொண்டது, பொத்தான் சேரவில்லை. அன்றைக்கு முடிவு செய்தாள், கனம்தான் எதிரி என்று. கனம் குறைந்தால் மூட்டு தாங்கும், மூச்சு தாங்கும், பொத்தான் சேரும். மரம் ஏறும் நாளில் வெறும் வயிறு, ஒரு வரக்காப்பி. பிறகு முந்தின ராத்திரிச் சோறும் பாதி. பிறகு அந்தப் பாதியிலும் பாதி மாட்டுத்தொட்டிக்கு. நாகமணி தூக்குப்போசியில் ராகிக்களி கொண்டுவருவாள். இன்று காலையிலும் ஓர் உருண்டையைக் கீரைக் கடைசலில் தொட்டு நீட்டினாள். "வயித்துக்கு ஒத்துக்கல" என்று மயிலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உன்ற வயிறு எதுக்குத்தான் ஒத்துக்குது? சாமி படத்துக்கு வெச்சாக்கூட எறும்பாச்சும் வந்து திங்குது," என்றாள் நாகமணி. அந்தக் கடைசலின் பூண்டு வாசனை இப்போது, இத்தனை உயரத்தில், எங்கிருந்தோ வந்து மூக்கில் நின்றது. வாயில் எச்சில் ஊறியது. எச்சில் ஊறியதும் கண்ணில் தண்ணீர் வந்தது.

இறங்கிவிடலாம். வாயைத் திறக்காமல் இறங்கிவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை. வலது மிதியைக் கீழே தள்ள வேண்டும் என்றால் இடது காலில் முழுதாக நிற்க வேண்டும். நின்று பார்த்தாள். இடது தொடை, தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்து எழும்போதெல்லாம் வராத நடுக்கத்தோடு, தையல் மிஷின் ஊசி மாதிரி ஆடத் தொடங்கியது. கூடவே கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பு உள்ளே வந்தது. வாசலில் சாணி தெளிக்கும்போது ஈரம் மண்ணில் பரவுகிற மாதிரி, அவசரமில்லாமல், எல்லாப் பக்கமும் ஒரே சீராக. அவள் இரண்டு கையாலும் மரத்தை இறுக்கிக்கொண்டாள். மூச்சை விடு. விட்டால் மறுபடி இழுக்க வேண்டும். இழு. கறுப்பு கொஞ்சம் தயங்கி, வந்த வழியே ஓரத்துக்குப் போய் நின்றது. போய்விடவில்லை. நின்றது. மிஷின் அவளுக்கு அடியில் கொஞ்சம், கட்டைவிரல் அகலம், வழுக்கிய மாதிரி இருந்தது. இப்போது கொஞ்ச நாளாகவே அப்படி வழுக்குகிறது. மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி வளையத்தில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, சைக்கிள் டயரை வெட்டிப் புது ரப்பர் கட்டினாள். ரப்பரா? சார் என்னவோ சொன்னாரே. பயிற்சியின் முதல் நாள், மரத்தடியில் எல்லோரும் வட்டமாக நின்றிருக்க, வளையத்தைத் தூக்கிக் காட்டி ஒன்று சொன்னார். "இது உங்க கனத்துல நிக்கிற மிஷின். நீங்க எவ்வளவு அழுத்தி நிக்கிறீங்களோ அவ்வளவு இறுக்கமா மரத்தைப் பிடிக்கும். கனத்தைக் கைக்குக் குடுக்காதீங்க. காலுக்குக் குடுங்க." மயிலாத்தாள்தான் கேட்டாள், "அப்ப ஒல்லியா இருந்தா என்னங்க பண்றது?" என்று. எல்லோரும் சிரித்தார்கள், செல்வராணி சத்தமாகச் சிரித்தாள், சாரும் சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு பதில் சொன்னார். சிரிப்பு இத்தனை வருஷமும் அவளுக்குள் அப்படியே இருந்தது, பதில் மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. இப்போது அது ஒரு காய் மாதிரி தனியாகக் கழன்று வந்தது. "சாப்பிட்டுட்டு வந்து ஏறுங்க" என்றார்.

கனத்தைத்தான் அவள் மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மாட்டுத்தொட்டியில் கொட்டியிருக்கிறாள். மிச்சம் இருந்த கனத்தையும் காலுக்குக் கொடுக்காமல் கையிலே வைத்துக்கொண்டு, மரத்தைக் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துத் தொங்கியிருக்கிறாள். கை ஓய்ந்துபோகாமல் என்ன செய்யும். இது தெரிந்து இப்போது என்ன ஆகப்போகிறது. இங்கே வயிறு நிறையவா போகிறது. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்று இருந்தால், களி தின்னலாம், அப்போதும் வயசு குறையாது, அப்போதும் ஒற்றைக் காலில் நிற்க முடியாது, ஆனால் நின்று பார்க்கலாம். நாளை என்ற வார்த்தையில் அவள் மனசு துணி முள்ளில் மாட்டினது மாதிரி மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும். பக்கத்துத் தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தோப்பின் பம்புசெட் அருகில் தோட்டத்துக்காரரும் இளநீர் வண்டிக்காரரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்; தோட்டத்துக்காரரின் வெள்ளைத் துண்டு மட்டைகளின் இடுக்கில் தெரிந்து தெரிந்து மறைந்தது. நாகமணியிடம் மட்டும் மெதுவாகச் சொல்ல முடிந்தால் சொல்லிவிடலாம். நாகமணி வாய் நீளமே தவிர விட்டுக்கொடுக்கமாட்டாள். ஆனால் தென்னை மரத்தின் மேலிருந்து ஒருத்தியிடம் மட்டும் சொல்லும்படி எதையும் சொல்ல முடியாது. நாகமணிக்குக் கேட்க வேண்டும் என்றால் தோப்புக்கே கேட்கும். "என்னக்கா, மேல வளைகாப்பா நடக்குது?" என்றாள் நாகமணி. "வண்டிக்காரர் ரெண்டு தடவை இந்தப் பக்கம் பாத்துட்டாரு." மயிலாத்தாள் வலது கையால் பக்கத்து மட்டை ஒன்றைப் பிடித்தாள். பிறகு நாகமணியின் குரல் வந்தது, வேறு ஆள் குரல் மாதிரி. "அக்கா. காத்தே இல்லையே. அந்த ஒரு மட்ட மட்டும் ஏன் ஆடுது?"

மயிலாத்தாள் அந்த மட்டையைப் பார்த்தாள். அதன் நுனி வரை நடுக்கம் போய்க்கொண்டிருந்தது. தன் கையின் நடுக்கம் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை நாள் அது தன் தோலுக்குள்ளேயே இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்படி ஓலை ஓலையாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் மட்டையை விட்டுவிட்டு, குலையின் கழுத்தில் இருந்த கயிற்றைத் தேடிப் பிடித்தாள். "நாகு, கயித்த சித்த தளர்த்தி விடு. மரத்தடியில நிக்காத, கொல பாதி வெட்டுல தொங்குது." கயிறு தளர்ந்தது. முடிச்சின் வாலைப் பிடித்து இழுத்தாள், குலை கயிற்றிலிருந்து விடுபட்டுத் தன் காம்பில் கனமாக ஆடி நின்றது. கயிறு போகும் வழியைக் கண்ணால் பார்த்தாள். ஒரு மட்டையின் மேல்தான் கிடந்தது. குலைக்கு ஒன்று போதும். அவள் கயிற்றை உதறி, உதறி, பச்சையாக, தடிமனாக இருந்த இரண்டு மட்டைகளின் அடியை ஒட்டி விழும்படி செய்தாள். பிறகு முனையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து அக்குளுக்குக் கீழே கட்டப் போனாள். கை பழக்கத்தில் சுருக்குப் போட்டது. போட்டதைப் பார்த்தாள். சுருக்கு கனம் கண்டால் இறுகிக்கொண்டே போகும். குலைக்கு அதுதான் வேண்டும், மூச்சு விடுகிற உடம்புக்கு ஆகாது. அவிழ்த்தாள். கன்றுக்குட்டியின் கழுத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டாள், கன்று எவ்வளவு முரண்டினாலும் இறுகாத முடிச்சு, இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையாலும் பல்லாலும். கயிற்று நாரின் உப்பு நாக்கில் பட்டது. இழுத்துப் பார்த்தாள். நின்றது. இனி ஒன்றுதான் பாக்கி. கால், மூட்டு, வெயில், வேர்வை என்று இவ்வளவு நேரம் அடுக்கி வைத்திருந்த எல்லா வார்த்தைகளும் அங்கேயே இருந்தன. எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கால் என்று சொன்னால் நாகமணி கயிற்றைக் கையில்தான் பிடிப்பாள், கால் வலிக்காரியைப் பிடிக்கிற மாதிரி. நடுவழியில் கறுப்பு மறுபடி வந்தால் அந்தக் கை போதாது. "நாகு," என்று கூப்பிட்டாள். "சொல்லுக்கா." மயிலாத்தாள் வயிற்றிலிருந்து, தோப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எனக்குக் கண்ணு இருட்டுது. ஒரு தடவ நெனப்பே போயிருச்சு. கயித்துல கொல இல்ல, நாந்தான் இருக்கறேன். தெக்கால மரத்துல சுத்திப் பிடி. கொலய எறக்கற மாதிரி எறக்கு."

பம்புசெட் பக்கம் பேச்சு நின்றுபோனது. வெள்ளைத் துண்டு திரும்பியது. யாரோ காய்ந்த ஓலையை மிதித்துக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. மயிலாத்தாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாகமணி ஒரு கிண்டல்கூடச் சொல்லவில்லை. தெற்கு மரத்தைச் சுற்றி அவள் நடக்கிற சத்தமும், பட்டையில் கயிறு உரசுகிற சத்தமும் மட்டும் வந்தன. "சுத்திட்டேன்," என்றாள் பிறகு. "நீ கண்ண மூடுனாலும் கயிறு போகாது. கனத்தக் குடு, வா." மயிலாத்தாள் மரத்திலிருந்து கன்னத்தை எடுத்தாள். கைகளைத் தளர்த்தி, தன்னிடம் மிச்சம் இருந்த கனம் முழுவதையும் கால்களுக்குக் கொடுத்து நிமிர்ந்து நின்றாள். கம்பி வளையம் மரத்தைக் கவ்வுவது உள்ளங்காலில் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் கயிறு விறைத்து, அவளைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தது. அவள் வலது மிதியைத் தளர்த்தி, ஒரு சாண் கீழே இறக்கினாள்.